ஒரு நாட்டைக் கூண்டில் ஏற்ற முடியுமா? அரசுப் பொறுப்பு: ஓர் எளிய அறிமுகம்

"சர்வதேச நீதிமன்றக் கூண்டில் ஏற்றுவோம்" என்று மேடையில் யாராவது முழங்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு வெவ்வேறு நீதிமன்றங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. இரண்டுமே நெதர்லாந்தின் தி ஹேக் நகரில்தான் இருக்கின்றன, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஒன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், அதாவது ஐ.சி.சி. அங்கே நிற்பவர் மனிதர்: தளபதி, அமைச்சர், ஆயுதக்குழுத் தலைவர் என்று பெயரும் முகமும் உள்ள ஒருவர். குற்றம் நிரூபிக்கப்பட்டால் சிறை. மற்றொன்று ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம். 15 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் 9 ஆண்டுப் பதவிக்காலம். அங்கே வழக்காட நாடுகளுக்கு மட்டுமே உரிமை. கூண்டு கிடையாது. கைவிலங்கும் கிடையாது.

இந்த இரண்டாவது வழியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஒரு நாடு சர்வதேசச் சட்டத்தை மீறினால் அது எப்போது, யாருக்கு, எந்த அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஆளும் விதிகளை அரசுப் பொறுப்பு என்கிறோம். நமக்குப் பழகிய ஒன்றோடு ஒப்பிட்டால், இது காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரைப் போன்றதல்ல, முன்சீப் கோர்ட்டில் போடும் சிவில் வழக்கைப் போன்றது. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டிவிட்டார் என்றால் வெட்டுவதை நிறுத்தச் சொல்கிறோம், வரப்பைப் பழையபடி கட்டித்தரக் கேட்கிறோம், முடியாவிட்டால் நட்டத்துக்குப் பணம் கேட்கிறோம். நாடுகளுக்கு இடையிலும் கேட்கக்கூடியவை இவைதான். தண்டனையாக அபராதம் விதிப்பது இந்தச் சட்டத்தில் இல்லை.

விதிகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 1956இல் இந்த வேலையைத் தொடங்கி 2001இல்தான் முடித்தது. 45 ஆண்டு உழைப்பில் கிடைத்தவை 59 விதிகள். அவற்றை ஐ.நா. பொதுச்சபை 2001 டிசம்பரில் 56/83 என்ற தீர்மானத்தின் மூலம் கவனத்தில் எடுத்துக்கொண்டதே தவிர, இன்றுவரை அவை ஒப்பந்தம் ஆகவில்லை. எந்த நாடும் அவற்றில் கையெழுத்திட்டதில்லை. ஆனாலும் அவற்றில் பெரும்பகுதி, நாடுகளின் நீண்ட வழக்கத்தால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாக ஏற்கப்பட்டுவிட்டதால், நீதிமன்றங்களும் நடுவர் மன்றங்களும் எண் குறிப்பிட்டே மேற்கோள் காட்டுகின்றன. "கையெழுத்தே போடாத ஆவணம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

அந்த 59இல் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் 2ஆம் விதி. சர்வதேச அளவில் ஒரு தவறு நடந்தது என்று சொல்ல இரண்டு கூறுகள் வேண்டும். ஒன்று, அந்தச் செயல் அல்லது செயலின்மை அந்த அரசுடையது என்று சாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, அது அந்த நாட்டின் மேல் அப்போது இருந்த ஒரு சர்வதேசக் கடமையை மீறியிருக்க வேண்டும். "செயலின்மை" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். வழக்குகளின் போக்கையே மாற்றிய சொல் அது.

இரண்டு போர்க்கப்பல்கள், 22 கண்ணிவெடிகள்

1946 அக்டோபர் 22. அல்பேனியாவின் கரையோரமாகக் கோர்ஃபு நீரிணை வழியே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. சோமரெஸ் என்ற நாசகாரிக் கப்பல் கடலில் விதைத்திருந்த கண்ணிவெடியில் மோதியது. அதை இழுத்துப்போக வந்த வோலேஜ் என்ற கப்பலும் இன்னொரு கண்ணியில் மோதியது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பிரிட்டன் அந்தக் கடற்பகுதியைத் துழாவியபோது ஜெர்மன் வகைக் கண்ணிகள் 22 கிடைத்தன.

வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிமன்றத்தின் முதல் வழக்கே இதுதான். கண்ணிகளை அல்பேனியாவே விதைத்தது என்று நிரூபிக்கப் பிரிட்டனால் முடியவில்லை. யூகோஸ்லாவியக் கப்பல்கள் அல்பேனியாவின் சம்மதத்தோடு வந்து விதைத்தன என்று சொல்லிப் பார்த்தது. அதற்கும் போதிய சான்றில்லை என்றது நீதிமன்றம். சாதாரணமாகப் பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. நீதிமன்றம் கேள்வியை மாற்றிக்கொண்டது: விதைத்தது யாராகவும் இருக்கட்டும், அல்பேனியாவுக்குத் தெரியாமல் விதைத்திருக்க முடியுமா? சொந்தக் கடலில் நடந்தது என்பதாலேயே அந்நாட்டுக்குத் தெரிந்திருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது என்பதையும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடந்த இடம் முழுக்க எதிரியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு நேரடிச் சான்று எப்படிக் கிடைக்கும்? அதனால் சூழ்நிலைச் சான்றுகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றது. கடற்படை நிபுணர்களை நேரில் அனுப்பியது. அவர்கள் கரையிலிருந்த கண்காணிப்பு இடங்களை ஆராய்ந்து, அங்கே வழக்கமான காவல் இருந்திருந்தால் கண்ணி விதைப்பு கண்ணில் படாமல் போயிருக்காது என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்தக் கரையை அல்பேனியா தீவிரமாகக் காவல் காத்தது என்பதோ ஏற்கெனவே பதிவில் இருந்தது. இரண்டையும் கூட்டினால் கிடைக்கும் விடை ஒன்றுதான். தெரிந்தும் கப்பல்களை எச்சரிக்கவில்லை, ஆகவே பொறுப்பு என்று 1949 ஏப்ரல் 9இல் தீர்ப்பு வந்தது.

டிசம்பரில் தொகையைக் கணக்கிட்டார்கள். திரும்பப் பயன்படாத அளவு சிதைந்த சோமரெஸுக்கு 7,00,087 பவுண்ட், வோலேஜ் பழுதுக்கு 93,812, இறந்தவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் 50,048. மொத்தம் 8,43,947 பவுண்ட். கப்பலின் விலையையும் மனித உயிர்களின் விலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மனம் ஒருமாதிரி ஆகிறது. அந்த 50,048 உயிருக்கு இட்ட விலை அல்ல, ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்குப் பிரிட்டிஷ் அரசுக்கு ஆன செலவு.

பிரிட்டனும் முழுதாகத் தப்பவில்லை. அனுமதி பெறாமல் நவம்பரில் அல்பேனியக் கடலுக்குள் புகுந்து கண்ணி துழாவியது இறையாண்மை மீறல் என்று அதே தீர்ப்பு சொன்னது. அதற்கு இழப்பீடு இல்லை. "மீறினாய்" என்று நீதிமன்றம் அறிவித்ததே அல்பேனியாவுக்குப் போதுமான பரிகாரம் என்று விட்டுவிட்டது.

யார் செய்தால் அரசு செய்ததாகும்?

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்தச் சாட்டுதல் என்ற படியில்தான்.

எளிய பகுதி இது: அரசின் உறுப்பு எது செய்தாலும் அரசு செய்ததே. ராணுவம், காவல்துறை மட்டுமல்ல, நீதிமன்றம், சட்டமன்றம், மாநில அரசு, நகராட்சி எல்லாம் இதில் அடங்கும். "அது மாநில அரசு செய்தது, எங்கள் கையில் இல்லை" என்று மத்திய அரசு சர்வதேச அரங்கில் கைவிரிக்க முடியாது. பதவி சிறியதா பெரியதா என்பதும் பொருட்டல்ல.

மேலதிகாரியின் உத்தரவை மீறிச் செய்தாலும் அப்படியே. மெக்சிகோ புரட்சிக் காலத்தில் இரண்டு ராணுவ அதிகாரிகள் ஒரு பிரெஞ்சுக் குடிமகனிடம் பணம் கேட்டு மிரட்டி, அது கிடைக்காததால் அவரைப் படைமுகாமுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அரசு உத்தரவிட்ட கொலை இல்லை, அப்பட்டமான வழிப்பறி. ஆனாலும் சீருடையையும் முகாமையும் பயன்படுத்தித்தான் அதைச் செய்ய முடிந்தது என்பதால் மெக்சிகோ பொறுப்பு என்று 1929இல் முடிவாயிற்று. இன்றைய 7ஆம் விதியின் வேர் இந்த வழக்கில் இருக்கிறது. ஆகவே காவலர் ஒருவர் லாக்கப்பில் அடித்துக் கொன்றுவிட்டு "சட்டம் இதை அனுமதிக்கவில்லையே, இது தனிமனிதச் செயல்" என்று அரசு சொன்னால், சர்வதேசச் சட்டத்தில் அந்தப் பேச்சு நிற்காது. அதே காவலர் விடுமுறையில் சொந்த ஊரில் சொத்துத் தகராறில் ஒருவரை அடித்தால் அது அவர் சொந்தச் செயல்.

கடினமான பகுதி, அரசின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஆயுதக்குழுக்கள். நிகராகுவாவில் 1980களில் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா பணம், ஆயுதம், பயிற்சி, இலக்குத் தேர்வு எல்லாம் கொடுத்தது. 1986இல் சர்வதேச நீதிமன்றம், அவ்வளவும் கொடுத்ததால் மட்டும் கான்ட்ராக்கள் செய்த ஒவ்வொரு அட்டூழியமும் அமெரிக்காவுடையது ஆகிவிடாது என்றது. குறிப்பிட்ட அந்த நடவடிக்கையின் மேலேயே திறன்மிக்க கட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும். அதற்காக அமெரிக்கா தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பணமும் ஆயுதமும் கொடுத்ததே, பிற நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்ற தடையை மீறிய தவறு என்று அதே தீர்ப்பு சொன்னது. கான்ட்ராவின் கொலைகளுக்கு ஒரு கணக்கு, கான்ட்ராவுக்கு உதவியதற்கு வேறொரு கணக்கு. நாளிதழ்ச் செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இந்த அளவுகோல் மிகக் கடுமையானது என்று 1999இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான குற்றவியல் தீர்ப்பாயம் கருதியது. ராணுவம் போல ஒழுங்கமைந்த குழுவென்றால் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு இருந்தாலே போதும் என்றது. சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2007இல், இனப்படுகொலைக்காகச் செர்பியா மேல் போஸ்னியா போட்ட வழக்கில் பழைய கடுமையான அளவுகோலையே மீண்டும் பிடித்துக்கொண்டது. போஸ்னிய செர்பியப் படை அதிகாரிகள் சிலருக்குச் சம்பளமே செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து போனது. அதுகூட அவர்களைச் செர்பிய அரசின் உறுப்பு ஆக்கிவிடாது என்று முடிவெடுத்தது. தனிப்பட்ட கருத்தைச் சொல்வதானால், கூலிப்படைகளை வைத்துப் போர் நடத்தும் நாடுகளுக்கு இந்த அளவுகோல் வசதியான சந்து. இப்போதைக்குச் சட்டம் அதுதான்.

அரசு பிறகு தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டதாலேயே ஒரு செயல் அரசுடையதாவதும் உண்டு. 1979 நவம்பர் 4இல் தெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினார்கள். தொடக்கத்தில் அது ஈரான் அரசின் செயல் என்று காட்ட முடியவில்லை. ஆனால் நவம்பர் 17இல் ஈரானின் தலைவர் கொமெய்னி, பணயக்கைதிகளைப் பிடித்து வைப்பதை அரசின் கொள்கையாகவே அறிவித்தார். அந்த நாளிலிருந்து மாணவர்கள் அரசின் முகவர்கள் ஆனார்கள் என்று நீதிமன்றம் 1980இல் சொன்னது. அதற்கு முந்தைய 13 நாட்களுக்கு? தூதரகத்தைக் காக்கும் கடமையில் தவறியதற்காகத் தனிப் பொறுப்பு. ஒரே சம்பவம், இரண்டு காலம், இரண்டு வகைப் பொறுப்பு.

செய்ததைக் காட்ட முடியாதபோது

கோர்ஃபு, தெஹ்ரான் இரண்டிலும் ஒரே தந்திரம் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். "நீ செய்தாய்" என்று காட்ட முடியாத இடத்தில் "நீ தடுக்கவில்லை" என்று காட்டுவது. இதற்கு உரிய விழிப்புக் கடமை என்று பெயர். அரசுப் பொறுப்பில் நடைமுறைப் பயன் அதிகமுள்ள பாதை எது என்று கேட்டால், இதைத்தான் காட்ட வேண்டும்.

போஸ்னியா வழக்கிலும் செர்பியா சிக்கியது இங்கேதான். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 7,000க்கும் மேற்பட்ட ஆண்கள் கொல்லப்பட்டது இனப்படுகொலை. ஆனால் அதைச் செய்தது செர்பியா என்று நிரூபணமாகவில்லை. தடுக்கும் செல்வாக்கு இருந்தும் ஒரு விரலையும் அசைக்காததும், பிறகு குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுக்காததும்தான் செர்பியாவின் மேல் விழுந்த பொறுப்பு. தடுக்கும் கடமை என்பது வெற்றிக்கான உத்தரவாதம் அல்ல. கையில் இருந்ததையெல்லாம் செய்தாயா என்பதுதான் கேள்வி. இந்தப் பாதைக்கும் ஒரு விலை உண்டு: செர்பியா முயன்றிருந்தால் படுகொலை நின்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் நீதிமன்றம் இழப்பீடு வழங்கவில்லை.

இதே பாதையின் இன்னொரு வழக்கு இலங்கையின் மட்டக்களப்பிலிருந்து வந்தது. கொக்கட்டிச்சோலைப் பகுதியில் ஓர் இறால் பண்ணை இருந்தது. அதில், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கின் நிறுவனம் ஒன்றுக்குப் பங்கு. 1987 ஜனவரி 28இல் அரசப் படைகள் நடத்திய நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது, ஊழியர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனுக்கும் இலங்கைக்கும் இடையிலிருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி அந்த நிறுவனம் முதலீட்டுத் தகராறுகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போய் 80 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. படைகள்தான் பண்ணையை அழித்தன என்பதற்குச் சான்று போதவில்லை என்றது நடுவர் மன்றம். முதலீட்டுக்கு எது நேர்ந்தாலும் அரசே பொறுப்பு என்ற நிறுவனத்தின் வாதத்தையும் ஏற்கவில்லை. ஆனால் தாக்குதலுக்கு முன்பே பண்ணை நிர்வாகத்தோடு பேசி, சந்தேகத்துக்குரியவர்களை அமைதியாக வெளியேற்றும் வழி அரசுக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தாதது உரிய விழிப்பின்மை என்று கூறி, 1990இல் 4,60,000 டாலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னது.

சட்ட மாணவர்கள் இதை முதலீட்டுச் சட்டத்தின் முன்னோடி வழக்காகப் படிக்கிறார்கள். படிக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். பங்குதாரருக்கு மன்றம் கிடைத்தது, ஊழியர் குடும்பங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? விடை பின்னால் வருகிறது, அதற்கு முன் சாக்குகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஏற்கப்படும் சாக்குகள், ஏற்கப்படாத சாக்குகள்

மீறல் நிரூபணமானாலும் நாடு தப்ப ஆறு வாசல்கள் உண்டு: பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதம், தற்காப்பு, எதிர்நடவடிக்கை, தடுக்க முடியாத சக்தி, உயிராபத்து, தவிர்க்க முடியாத அவசியம். இனப்படுகொலை, அடிமை முறை, சித்திரவதை போன்ற முழுத்தடைகளை மீறியவர்களுக்கு இந்த வாசல்கள் எதுவும் திறக்காது.

அடிக்கடி தட்டப்படுவது அவசியம் என்ற வாசல், அபூர்வமாகவே திறப்பதும் அதுதான். டான்யூப் நதியில் செக்கோஸ்லோவாக்கியாவோடு சேர்ந்து கட்ட ஒப்புக்கொண்ட அணைப் பணியைச் சூழலியல் ஆபத்தைக் காட்டி ஹங்கேரி 1989இல் நிறுத்தியது. கவலை நியாயமானதுதான். ஆனால் ஆபத்து உடனடியானது, வேறு வழியே இல்லை என்ற இரண்டையும் ஹங்கேரியால் காட்ட முடியவில்லை என்று 1997இல் தீர்ப்பாயிற்று.

உயிராபத்து வாசல் பாதி திறந்த கதை ஒன்று உண்டு. 1985 ஜூலை 10இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலைப் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். புகைப்படக் கலைஞர் ஒருவர் இறந்தார். ஐ.நா. பொதுச் செயலாளர் நடுவராக இருந்து, பிரான்ஸ் மன்னிப்புக் கேட்டு 70 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும், சிறையிலிருந்த இரண்டு உளவாளிகளும் பசிபிக்கிலுள்ள ஹாவ் என்ற பவளத்தீவில் மூன்று ஆண்டு இருக்க வேண்டும் என்று 1986இல் முடிவு சொன்னார். பிரான்ஸ் இருவரையும் காலம் முடியும் முன்பே ஊருக்குக் கூட்டிப் போய்விட்டது. ஒருவருக்கு உடல்நலக் காரணம் காட்டியது. அவசரச் சிகிச்சைக்காக அவரைக் கொண்டு போனது சரி, குணமான பிறகு திருப்பி அனுப்பாதது மீறல் என்று 1990இல் நடுவர் மன்றம் சொன்னது. மற்றவர் விஷயத்தில் சாக்கே செல்லவில்லை.

"எங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை" என்பது சாக்கே அல்ல, 3ஆம் விதி அதை வெட்டவெளிச்சமாகச் சொல்கிறது. இலங்கை 1997இல் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் சேர்ந்தது. தனிமனிதர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழி பிறந்தது. ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்ட ஒரு தமிழ்க் கைதியின் வழக்கில் 2004இல் அந்தக் குழு அவருக்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றமோ, நாடு நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. கைதிக்கு உள்நாட்டில் கதவு சாத்தப்பட்டது. சர்வதேச அளவில் இலங்கையின் கடமை அப்படியேதான் இருந்தது.

என்ன கேட்கலாம்?

முதலில், மீறல் தொடர்ந்தால் நிறுத்தக் கேட்கலாம். தேவைப்பட்டால் இனி நடக்காது என்ற உறுதியும் கேட்கலாம். அதன் பிறகுதான் பரிகாரம். சட்டம் இங்கே ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் பழைய நிலைக்குத் திருப்புதல், அது முடியாத அளவுக்குப் பணம், பணத்தால் அளக்க முடியாததற்கு மன்னிப்போ அறிவிப்போ.

பரிகாரம் மீறலுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உளவாளி என்று பாகிஸ்தான் தண்டித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் மரண தண்டனையை ரத்துசெய்து விடுதலை செய்யுமாறு இந்தியா கேட்டது. 2019 ஜூலை 17இல் நீதிமன்றம் பாகிஸ்தான் மீறியது என்று சொன்னது, ஆனால் விடுதலை தரவில்லை. மீறப்பட்டது தூதரகத் தொடர்புக்கான உரிமை. அந்த ஓட்டையை அடைத்துத் தண்டனையை மறுபரிசீலனை செய் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

தொகைக் கணக்கில் சான்று இல்லையென்றால் எண்கள் சுருங்கிவிடும். காங்கோவில் உகாண்டா நடத்திய போருக்காக காங்கோ 1,100 கோடி டாலருக்கு மேல் கேட்டது. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் கொடுத்தது 32.5 கோடி: மனிதருக்கு நேர்ந்த சேதத்துக்கு 22.5 கோடி, சொத்துக்கு 4 கோடி, இயற்கை வளத்துக்கு 6 கோடி. ஆண்டுக்கு 6.5 கோடி வீதம் ஐந்து தவணை. இறந்தவர் பட்டியல், மருத்துவச் சான்று, எரிந்த வீடுகளின் விவரம் போன்றவை போர்க்காலத்தில் யார் கையில் இருக்கும்? ஆனாலும் அவை இல்லாததுதான் தொகையைக் குறைத்தது. மனித உரிமை அமைப்புகள் சம்பவம் நடந்த வாரத்திலேயே தேதி, இடம், பெயர் என்று பதிவு செய்துவைப்பது ஏன் என்பது இங்கே புரியும். இலங்கை தொடர்பாக 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம் ஒரு நீதிமன்றத்தை உருவாக்கவில்லை. எதிர்காலப் பொறுப்புக்கூறலுக்காகச் சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் வேலையைத்தான் மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது.

ஆளின் குற்றமும் அரசின் பொறுப்பும் எப்படிப் பிரிந்து போகின்றன என்பதற்குக் கேரளக் கடல் சாட்சி. 2012 பிப்ரவரி 15இல் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்த கடற்படை வீரர்கள், செயின்ட் அந்தோணி என்ற விசைப்படகைக் கடற்கொள்ளைப் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள், ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். 2020இல் நடுவர் மன்றம் அந்த வீரர்கள் அரசு அலுவலர்களாகப் பணியில் இருந்தவர்கள், அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்றது. ஊரில் கொதித்துப் போனார்கள், நியாயந்தான். ஆனால் அவர்களை விலக்கிவிட்ட அதே காரணம் இத்தாலியைப் பிடித்துக் கொடுத்தது: அரசு அலுவலர் என்றால் அவர் செய்தது அரசின் செயல். இந்தியாவின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகி, 10 கோடி ரூபாய் வந்தது. குடும்பத்துக்கு 4 கோடி வீதம், படகு உரிமையாளருக்கு 2 கோடி. சுட்டவர்கள் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்களாக இருந்திருந்தால் இத்தாலியைப் பிடிப்பது இத்தனை எளிதாக இருந்திருக்காது.

யார், எங்கே கேட்பது?

பழைய முறைப்படி, பாதிக்கப்பட்டவர் வெளிநாட்டவர் என்றால் அவருடைய நாடு அவருக்காகக் கேட்கலாம். அவர் முதலில் உள்ளூர் நீதிமன்றங்களை முயன்று பார்த்திருக்க வேண்டும். சொந்த அரசே பாதிப்பைச் செய்திருந்தால் அவருக்காகக் கேட்க வேறு நாடு இல்லை. கொக்கட்டிச்சோலை ஊழியர்கள் விழுந்த பள்ளம் இதுதான்.

இந்தப் பள்ளத்தை ஓரளவு தூர்த்த யோசனை, சில கடமைகள் உலக நாடுகள் அனைத்துக்கும் செலுத்த வேண்டியவை என்பது. இனப்படுகொலையைத் தடுப்பது அப்படிப்பட்டது. ரோஹிங்கியா மக்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆப்பிரிக்காவின் காம்பியா, இனப்படுகொலை உடன்படிக்கையில் தானும் ஓர் உறுப்பினர் என்ற ஒரே தகுதியோடு 2019 நவம்பரில் மியான்மர் மேல் வழக்குப் போட்டது. "உனக்கென்ன பாதிப்பு" என்ற மியான்மரின் ஆட்சேபத்தை நீதிமன்றம் 2022 ஜூலையில் தள்ளிவிட்டது. தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பரில் இஸ்ரேல் மேல் தொடுத்த வழக்கும் இதே வாசல் வழியாகத்தான் போனது.

கேட்கத் தகுதி இருந்தாலும் நீதிமன்றம் இருக்க வேண்டுமே. சம்மதிக்காத நாட்டை யாரும் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. சம்மதம் ஓர் ஒப்பந்தத்தின் பிரிவில் இருக்கலாம், அல்லது "எங்கள் மேல் வழக்குப் போடலாம்" என்று நாடு முன்கூட்டியே கொடுத்த பிரகடனத்தில் இருக்கலாம். பிரகடனங்களுக்குள் நிபந்தனைகள் ஒளிந்திருக்கும். 1999 ஆகஸ்ட் 10இல் பாகிஸ்தான் கடற்படை விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியதில் 16 பேர் இறந்தார்கள். பாகிஸ்தான் வழக்குப் போட்டது. காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளுக்கு இந்தியாவின் பிரகடனம் பொருந்தாது என்ற ஒரே காரணத்தால் 2000 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. சுட்டது சரியா தவறா என்ற பேச்சே எழவில்லை. எனவே வழக்குப் போடச் சொல்லி மனு எழுதும் முன் பார்க்க வேண்டியது கொடுமையின் அளவை அல்ல, இந்தச் சம்மதக் காகிதத்தை.

இன்னொரு பள்ளம் மூன்றாம் நாடு. வழக்கில் இல்லாத ஒரு நாட்டின் செயல் சட்டப்படி சரியா என்று முடிவு செய்தால்தான் தீர்ப்பு எழுத முடியும் என்றால், நீதிமன்றம் விலகிக்கொள்ளும். கிழக்குத் திமோர் பற்றிப் போர்ச்சுகல் ஆஸ்திரேலியா மேல் போட்ட வழக்கு 1995இல் இப்படித்தான் நின்றது. கிழக்குத் திமோரைப் பிடித்து வைத்திருந்த இந்தோனேசியா வழக்கில் இல்லை.

தீர்ப்பு வந்த பிறகு

நீதிமன்றத்துக்கு அமீனா கிடையாது. தோற்ற நாடு பணியாவிட்டால் வென்ற நாடு பாதுகாப்புச் சபைக்குப் போகலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 94ஆம் பிரிவு. 1986இல் நிகராகுவா போனது. அமெரிக்கா வீட்டோ போட்டது. ஆட்சி மாறிய பிறகு 1991இல் நிகராகுவா வழக்கையே விலக்கிக்கொண்டது.

மற்றொரு கருவி எதிர்நடவடிக்கை. மீறிய நாட்டைப் பணியவைக்கத் தற்காலிகமாகத் தன் கடமை ஒன்றை நிறுத்திவைப்பது. முன்கூட்டி அறிவிக்க வேண்டும், பாதிப்பின் அளவை மீறக் கூடாது, ஆயுதம் கூடாது, அடிப்படை மனித உரிமைகளில் கைவைக்கக் கூடாது. பெரிய நாட்டின் மேல் சிறிய நாடு இதைப் பிரயோகித்தால் யாருக்கு வலிக்கும் என்பது சொல்லாமலே தெரியும்.

அல்பேனியா? 8,43,947 பவுண்டைக் கொடுக்க மறுத்தது, தொகைக் கணக்கு விசாரணைக்கே வரவில்லை. போரில் ஜெர்மனி ரோமிலிருந்து அள்ளிப்போய், பிறகு நேச நாடுகளின் கைக்கு வந்த அல்பேனியத் தங்கத்தைத் தீர்ப்புத் தொகைக்காகப் பிடித்துக்கொள்ளப் பிரிட்டன் பார்த்தது. அதே தங்கத்தை இத்தாலியும் கேட்டு 1953இல் நீதிமன்றம் போனது. அல்பேனியா வழக்கில் இல்லாததால் முடிவு சொல்ல இயலாது என்று 1954இல் நீதிமன்றம் கைவிரித்தது. மூன்றாம் நாட்டு விதி பிறந்ததே அங்கேதான். தங்கம் லண்டனில் பூட்டிக் கிடந்தது. கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு 1992இல் இரண்டு நாடுகளும் உடன்பட்டன. 1996இல் அல்பேனியா 20 லட்சம் டாலர் கட்டியது, தங்கம் திரும்பியது. தீர்ப்பு வந்து அப்போது 47 ஆண்டு ஆகியிருந்தது.